லெட்சுமி வாங்கிய இருபதுக்கு இருபது

பயிற்சியாளர்களான உங்கள் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை போன மாதம் கேட்டிருந்தார்: "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க செஞ்சதிலேயே ரொம்ப அழகான டிரெய்னிங் எது?" ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டுத் தப்பித்துக்கொண்டேன். பதில் தெரியாமல் இல்லை. கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டித் தீர்க்கிற பதில் இல்லை அது, அவ்வளவுதான். இப்போது மெர்கோங்கில் இருக்கிறேன், ஓய்வு பெற்றாகிவிட்டது, காலையில் பசியாறிவிட்டு வந்து உட்கார்ந்தால் நேரமும் நிறையவே இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

நான் செய்ததிலேயே அழகான பயிற்சி, லூனாஸ் பக்கத்தில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் பயிற்சி அதிகாரியாக இருந்தபோது செய்தது. அவசர வெளியேற்றப் பயிற்சி. அறுபது ஸ்லைடு. அம்புக்குறிகள் தானாக நகரும். பின்னணியில் மெல்லிசைகூட உண்டு. தலைமையகத்திலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு, "இதை எல்லாத் தொழிற்சாலைக்கும் அனுப்பலாம்" என்றார்கள். ஒருநாள் நிஜமாகவே அவசரம் வந்தது. அன்றைக்கு நான் சொல்லிக்கொடுத்தபடி எல்லாரும் நடந்திருந்தால், முப்பத்தொரு பேர் நேராக நச்சு வாயுவுக்குள் போய் வரிசையாக நின்றிருப்பார்கள்.

கையுறைத் தொழிற்சாலை பார்க்காதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்லவேண்டும். கையுறை ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுவழுவென்று இருப்பதற்காகக் குளோரின் கலந்த தண்ணீரில் அலசி எடுப்பார்கள். அந்தக் குளோரின் வாயு உருளைகளுக்கென்று கட்டடத்தின் ஓரத்தில் தனி அறை இருக்கும். கசிந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் எல்லாரும் கார் நிறுத்தும் இடத்துக்குப் போகவேண்டும். பேக்கிங் பகுதி ஆட்கள் மட்டும் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்துக்கு. அவர்களுக்கு அதுதான் கிட்ட. கட்டட வரைபடத்தை மேசையில் விரித்து, அடிக்கோல் வைத்து அளந்து முடிவு செய்தவள் நான். குளிர்சாதன அறையில் இருந்தபடியே. ஒருதரம்கூட அந்தப் பின்பக்கம் போய் நின்று பார்த்ததில்லை.

லெட்சுமி பேக்கிங் பகுதியில் லைன் லீடர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஏழெட்டு வருடம் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு, பிறகு தொழிற்சாலைக்கு வந்தவர். எடுப்பான குரல். அவர் லைனில் தமிழ், மலாய், நேப்பாளி என்று கலந்து வேலை செய்யும் பெண்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் மட்டும் நன்றாகப் புரியும். என் பயிற்சியின் கடைசியில் மலாயில் இருபது கேள்விப் பரீட்சை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நாலு பதில், சரியானதில் கோடு போடவேண்டும். லெட்சுமி இருபதுக்கு இருபது. நானே அவர் தாளில் ஒரு நட்சத்திரம் வரைந்து கொடுத்தேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு மணி அடித்தது.

நான் அலுவலகப் பக்கம் இருந்தேன். மற்றவர்களோடு கார் நிறுத்தும் இடத்துக்கு ஓடினேன். கணக்கெடுத்தார்கள், எல்லாரும் சரி. பேக்கிங் ஆட்களை எண்ணவேண்டியவர் குணா. ஷிப்ட் சூப்பர்வைசர், முப்பது வயதுக்காரர், அவசரக் குழுவிலும் இருந்தவர். பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் ஓடினார். அங்கே ஒரு ஆளும் இல்லை.

முப்பத்தொரு பேரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று குணா நினைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். கையில் கிடைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மேசைக்குக் கீழே, கழிப்பறையில், பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தேடினார். அந்த முகமூடி தூசிக்குத்தான் ஆகும், வாயுவுக்கு ஆகாது. தீயணைப்பு வீரர்கள்தான் அவரை வெளியே இழுத்து வந்தார்கள். இருமி இருமிக் கண் சிவந்து, பேச்சு வரவில்லை.

அந்த முப்பத்தொரு பேரும் எங்கே என்று கேட்கிறீர்களா? முன்பக்க லாரி வாசல் வழியாக வெளியேறி, முன்னால் போகும் தார்ச் சடக்கைத் தாண்டி, எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். தலைக்குத் தொப்பியும் கையில் உறையுமாக. லெட்சுமி அவர்களை இரண்டிரண்டு பேராக நிற்கவைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. குணா இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். ஆனால் அடுத்த வாரம் லெட்சுமிக்குக் கடிதம் போனது. பயிற்சி பெற்றிருந்தும் விதியை மீறினார், குழுவைத் தவறான இடத்துக்கு அழைத்துப் போனார், அதனால் சக ஊழியர் உயிருக்கு ஆபத்து வந்தது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம்.

மனிதவளப் பிரிவின் தலைவர் புவான் சல்மா, அதாவது திருமதி சல்மா, என்னைக் கூப்பிட்டார். நல்லவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என் பெயரைத் தலைமையகப் பயிற்சிப் பொறுப்புக்குச் சிபாரிசு செய்திருந்தவரும் அவர்தான்.

"டீச்சர், எனக்கு உங்ககிட்டருந்து ரெண்டே ரெண்டு தாள் போதும்," என்றார். அங்கே எல்லாருக்கும் நான் டீச்சர்தான். "வருகைப் பதிவு ஒண்ணு, அவங்க பரீட்சைத் தாள் ஒண்ணு. வந்தாங்க, படிச்சாங்க, முழு மார்க் வாங்கினாங்க. தெரியாமச் செஞ்சேன்னு அவங்க சொல்ல முடியாது."

"சரி புவான்," என்றேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கும் லெட்சுமிமேல் கோபம்தான். நட்சத்திரம் வாங்கிய மாணவி என் மானத்தை வாங்கிவிட்டார் என்கிற கோபம். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்கத்தான் சனிக்கிழமை காலை லூனாஸுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கேட்கப் போனேன் என்பதைவிடச் சண்டை போடப் போனேன் என்பதுதான் சரி.

தொடர்வீடு. வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. லெட்சுமி என்னைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க டீச்சர். பசியாறிட்டீங்களா? தோசை ஊத்தவா?"

"வேணாம். உக்காருங்க லெட்சுமி. அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்சீங்க? ஸ்டோருக்குப் பின்னால போகணும்னு தெரியாதா?"

"தெரியும் டீச்சர். அங்கதான் போனோம். பின் கதவைத் தொறந்தேன், வாடை மூஞ்சியில வந்து அடிச்சிருச்சு. நிமிந்து பாத்தேன். பாய்லர் பொகை எங்க தலைக்கு மேல ஸ்டோர் பக்கமா சாஞ்சு போவுது. காத்து வாயு ரூம்லருந்து நேரா அங்கதான் தள்ளுது. சாத்துங்கடி கதவன்னு சொல்லிட்டு முன்னால கூட்டிட்டுப் போயிட்டேன். கார் நிக்கிற எடத்துக்குப் போகணும்னா வாயு ரூமத் தாண்டணும், அதான் சடக்குக்கு அந்தப் பக்கம்."

"காத்தை எல்லாம் பாக்கணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

லெட்சுமி என்னைக் கொஞ்சம் வியப்பாகப் பார்த்தார். "தோட்டத்துல ஏழு வருசம் மருந்து அடிச்சேன் டீச்சர். செம்பனை மரத்துக்கு அடியில புல்லுக்கு. முதுகுல மருந்துத் தோம்பு, கையில குழாய். காத்துக்கு முதுகக் காட்டித்தான் நிக்கணும். ஒருநாள் மறந்தாப் போதும், ராவெல்லாம் வாந்திதான். இதை யாரு சொல்லிக் குடுக்கறது?"

ஆனாலும் நான் விடவில்லை. "அப்ப பரீட்சையில ஸ்டோருக்குப் பின்னாலன்னு எழுதி முழு மார்க் வாங்கினீங்களே?"

லெட்சுமி சிரித்துவிட்டார். பிறகு சிரித்தது தப்போ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். உங்க பரீட்சையில எது நீளமா இருக்கோ அதுதான் சரி. எல்லாருக்கும் தெரியும்லா. முதல் குரூப்பு வெளிய வந்ததுமே சொல்லிட்டாங்க. அந்த நேப்பாளிப் பொண்ணுக்கு மலாய் படிக்கவே வராது, அது பத்தொம்பது வாங்குச்சு."

நினைத்துப் பார்த்தால் உண்மைதான். சரியான பதிலை எழுதும்போது நமக்குப் பயம் வந்துவிடும். ஒரு நிபந்தனை சேர்ப்போம், ஒரு 'ஆனால்' சேர்ப்போம், யாரும் குறை சொல்லாதபடி நீட்டுவோம். தப்பான பதிலுக்கு மூன்று சொல் போதும். உங்கள் பரீட்சைத் தாளை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நான் சொல்வதை நம்பவேண்டாம், பாருங்கள்.

கிளம்பும்போது லெட்சுமி தயங்கித் தயங்கிச் சொன்னார். "நான் அன்னைக்கு கிளாஸ்லயே கேட்டேன் டீச்சர். காத்து அந்தப் பக்கம் அடிச்சா என்னா செய்யறதுன்னு. நீங்க மஞ்சத் தாள்ல எழுதிச் சுவத்துல ஒட்டுங்க, கடைசியில பாக்கலாம்னீங்க. நேரம் ஆயிருச்சு, எல்லாரும் போயிட்டோம்."

எனக்குச் சுத்தமாக நினைவில்லை. லூனாஸிலிருந்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒவ்வொரு வகுப்பிலும் சுவரிலிருந்து பிரித்தெடுத்துச் சேர்த்த மஞ்சள் தாள்கள். தூக்கிப் போட மனம் வரவில்லை, படிக்கவும் நேரம் வரவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஒரு தாளில் குளிரைக் குறைக்கச் சொல்லியிருந்தது. ஒன்றில் சாப்பாட்டு நேரம் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தது. அப்புறம் பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில்: 'காத்து ஸ்டோர் பக்கம் அடிச்சா எங்க போறது? லெட்சுமி, பேக்கிங்.'

இதுவரை நான் சொன்னது நடந்த கதை. இனி நான் சொல்வது நம் தொழிலைப் பற்றியது. கவனமாகக் கேளுங்கள்.

புவான் சல்மா என்னிடம் பொய் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்ட இரண்டு தாளும் உண்மையானவை. லெட்சுமி வந்தது உண்மை. முழு மார்க் வாங்கியது உண்மை. அந்த இரண்டையும் கொடுத்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டால் என்மேல் ஒரு குற்றமும் வராது. தலைமையக வேலையும் வந்துவிடும். நாம் எழுதுகிற பதிவேடுகளுக்கு அந்தச் சக்தி உண்டு. உண்மையான தாளைக் கொண்டே ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அன்றைக்கு அந்த மஞ்சள் தாளை மறுபடி உறைக்குள் போட்டு, உறையை அலமாரிக்குள் வைத்து, அலமாரியை மூடினேன். இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். பிறகு திறந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி எனக்குப் பெருமை ஒன்றும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை மேலாளர் மிஸ்டர் டான், புவான் சல்மா. இந்தப் பக்கம் லெட்சுமி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். சாட்சி நாற்காலியில் குணா. குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. பேச்செல்லாம் மலாயில்.

என் முறை வந்தது. வருகைப் பதிவைக் கொடுத்தேன். பிறகு, "பரீட்சைத் தாளைக் கொடுக்கிறதுக்கு முன்னால நீங்க ரெண்டு பேரும் அதை எழுதிப் பார்க்கணும்," என்றேன்.

மிஸ்டர் டான் கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்கு இதெல்லாம் தெரியாதே டீச்சர். நான் உங்க வகுப்புக்கே வரலை."

"அதனாலதான் சார்."

ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தேன். கேள்விகள் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அழித்திருந்தேன். நாலு நாலாகப் பதில்கள் மட்டும் இருந்தன.

"கேள்வி எங்கே?" என்றார் புவான் சல்மா.

"கேள்வி வேண்டாம் புவான். எது நீளமா இருக்கோ அதுல கோடு போடுங்க."

மூன்று நிமிடம் ஆகியிருக்கும். நானே திருத்தினேன். மிஸ்டர் டான் பதினெட்டு. புவான் சல்மா இருபதுக்கு இருபது. அவருக்கும் ஒரு நட்சத்திரம் போடலாமா என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இந்த மார்க்கை வச்சு யாருக்கும் எதுவும் தெரியும்னு சொல்ல முடியாது," என்றேன். "பரீட்சை தப்பு. வரைபடமும் தப்பு. ரெண்டும் நான் செஞ்சது." மஞ்சள் தாளை மேசைமேல் வைத்து, அதை மலாயில் படித்துக் காட்டினேன். "இவங்க முன்னமே கேட்டாங்க. நான் பதில் சொல்லலை."

புவான் சல்மா அந்தத் தாளைக் கையில் எடுத்து, தமிழ் தெரியாவிட்டாலும், ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குணாவிடம் திரும்பினார். "நீங்க ஸ்டோருக்குப் பின்னால போனப்ப அங்க வாயு இருந்துச்சா?"

"இருந்துச்சு புவான். கண்ணு எரிஞ்சுச்சு. நிக்க முடியலை."

"இந்த முப்பத்தொரு பேரும் அங்க வந்து நின்னிருந்தா?"

குணா கோபமாக இருந்தார், அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. யாருமே இல்லாத கட்டடத்துக்குள் உயிரைப் பணயம் வைத்துத் தேடியவர் அவர். "பாதிப் பேரு விழுந்திருப்பாங்க, புவான்," என்றார் கடைசியில். அப்புறம் லெட்சுமி பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஆனா ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாம்லா அக்கா. ஒவ்வொரு பேரா கூப்பிட்டுத் தேடினேன். உங்க பேரத்தான் முதல்ல கூப்பிட்டேன்."

அதுவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்த லெட்சுமி அப்போதுதான் அழுதார். "சொல்லியிருக்கணும் தம்பி. போன் எல்லாம் லாக்கர்ல இருந்துச்சு. ஆனா ஒரு ஆள ஓடவிட்டுச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல. அது என் தப்புதான்."

குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டார்கள். தகவல் சொல்லாததற்கு மட்டும் வாய்மொழியாக ஓர் அறிவுரை. லெட்சுமி மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, என் முழுச் சேவையிலும் ஒன்றே ஒன்று. தலைமையகப் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கோலா கெடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் நல்ல நண்டாக வாங்கிக் கொடுத்தார். பாதி வருத்தம் அங்கேயே போய்விட்டது. மீதிப் பாதி போக ஒரு வருடம் ஆனது.

பிறகு பயிற்சியை முதலிலிருந்து செய்தோம். செய்தோம் என்றுதான் சொல்லவேண்டும். லெட்சுமி, குணா, நான், கூட ஐந்தாறு பேர், காலையிலும் மதியத்திலும் மழை வருவதற்கு முன்னும் கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். ஸ்டோருக்குப் பின்னால் நான் முதல்தரம் போய் நின்றது அப்போதுதான். சுவரும் வேலியும் சேர்ந்து ஒரு தொட்டி மாதிரி இருந்தது. வாயு வந்தால் அங்கேயே தங்கிவிடும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பாய்லர் கூரையில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஆரஞ்சு நிறக் காற்றுப் பை ஒன்றைக் கட்டினோம். எந்தக் கதவிலிருந்தும் அது தெரியும். கதவைத் திறந்ததும் அதைப் பார், காற்றுக்குக் குறுக்கே போ, போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டுச் சொல். ஒவ்வொரு லைன் லீடரிடமும் இதற்கென்றே ஒரு கைப்பேசி. ஸ்லைடு கிடையாது. இருபது நிமிடம், நடந்துகொண்டே. பரீட்சை என்றால் ஒரே பரீட்சை, வாசலில் நிற்கவைத்து "இப்ப எந்தப் பக்கம் போவீங்க?" என்று கேட்பது. மிஸ்டர் டான் வந்து பார்த்துவிட்டு, "இசையெல்லாம் இல்லையா?" என்று கேட்டார். கிண்டல்தான் என்று நினைக்கிறேன்.

வகுப்பில் யாராவது கேள்வி கேட்டால், நேரம் இல்லாவிட்டாலும், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் தேடிப்போய்ச் சொல்லுங்கள். நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றதை எல்லாம் மென்பொருள் செய்துவிடும்.

மூன்று மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் ஓர் ஒத்திகை வைத்தார்கள். எனக்கும் சொல்லவில்லை. நான் ஸ்டோர் பக்கத்து மாடியில் பழைய கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. படியில் இறங்கி, கிட்டே இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஓடிப்போய் மூச்சு வாங்க நின்று சுற்றிப் பார்த்தால், ஒரு ஆளும் இல்லை. சுவர், வேலி, நான். ஸ்டோருக்குப் பின்னால் தன்னந்தனியாக நின்றுகொண்டிருக்கிறேன்.

பையில் கைப்பேசி அடித்தது. லெட்சுமி.

"டீச்சர், எங்க இருக்கீங்க? எண்ணிக்கையில ஒரு ஆளு கொறையுது. குணா தம்பி உங்களத் தேடி உள்ள போறேன்னு நிக்கிறாரு, நான் கையப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கேன். சீக்கிரம் சொல்லுங்க லா."